கட்டி இழுக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டு முடித்து உட்காரும்போது படியுங்கள்.

போன மாதம் நம் குடும்ப வாட்ஸப் குழுவில் நடந்த வாக்குவாதம் உறவுகளுக்குத் தெரியும். "பெரியவர் பழைய இரும்புக்கு ஏன் இப்படி அடம் பிடிக்கிறார்" என்று எனக்குத் தெரியாமல் வேறு குழுவில் பேசிக்கொண்டதும் எனக்குத் தெரியும். மாணவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. எனவே முதலிலிருந்து சொல்கிறேன்.

என் தம்பியிடம் ஒரு மாசி ஃபெர்குசன் 1035 இருந்தது. மூன்று சிலிண்டர் சிம்ப்சன் இன்ஜின், 35 குதிரைத்திறன். எங்கள் விழுப்புரம் பக்கத்தில் "மாசி" என்று சொன்னால் போதும். மல்லாட்டைக்கு உழுததும், ஆலைக்குக் கரும்பு இழுத்ததும், ஊரில் பாதிப் பேர் வீட்டுக்குச் செங்கல் கொண்டுவந்ததும் அந்த வண்டிதான். 2019இல் தம்பி தவறிப்போனான். காரியம் முடிந்த அடுத்த வாரமே அவன் மகன் விற்றுவிடலாம் என்றான். "அப்பா ஓட்டின வண்டி, அப்படியே கிடக்கட்டும்" என்று தடுத்தவன் நான்.

தடுத்தேனே தவிர, மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட விடு என்று சொல்லவில்லை. டேங்கில் இருந்த டீசலை இறக்கச் சொல்லவில்லை. கொட்டகையில் தகரத்துக்குக் கீழே நின்றால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாசத்தால் நிறுத்திவைத்த வண்டிதான் ஊரில் அதிகம் கெடுகிறது. விற்றிருந்தால் இன்னொருவன் வயலிலாவது ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த வருடம் தம்பி மகனுக்குப் பணம் தேவைப்பட்டது. பெண்ணைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். காயலான் கடைக்காரர் வந்து பார்த்து 55 ஆயிரம் என்றார். பக்கத்து ஊர் விவசாயி ஒருவர், "ஓடினால் சொல்லுங்கள், நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றார். உடனே திருப்பூரிலிருந்து மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டான். வந்த அன்றே புது பேட்டரி, இருபது லிட்டர் டீசல், ஒரு இரும்புச் சங்கிலி. எதிர்வீட்டுக்காரர் டிராக்டரில் கட்டி இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு கிளட்சை விட்டால் பத்து நிமிடத்தில் பற்றிக்கொள்ளும் என்பது அவன் கணக்கு. யூடியூபில் நாலு வீடியோ காட்டினான். பன்னிரண்டு வருடம் புதரில் கிடந்த வண்டியைக் கட்டி இழுக்கிறார்கள், அது கரும்புகை கக்கிக்கொண்டு எழுந்து ஓடுகிறது. எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டேன். வார்த்தை கொஞ்சம் தடித்துவிட்டது. "பெரியப்பா, உங்களுக்குப் பென்ஷன் வருது. எனக்கு மூணு நாள்தான் லீவு" என்றான். அது நியாயமான வார்த்தைதான்.

அந்த வீடியோக்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எழுந்து ஓடிய வண்டியைத்தான் வீடியோவாகப் போடுகிறார்கள். இழுத்ததில் கனெக்டிங் ராடு வளைந்த வண்டியை யார் போடப்போகிறார்கள்? தேர்ச்சி பெற்றவர்களின் விடைத்தாளை மட்டும் காட்டி, பாடம் எளிது என்று சொல்வதைப் போன்றது அது.

என்னிடம் அறிவியல் படித்தவர்களுக்கு சைக்கிள் பம்ப் பாடம் ஞாபகம் இருக்கும். பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு வேகமாக அடிக்கச் சொல்வேன். அடிப்பாகம் சுடும். காற்றை அழுத்தினால் சூடேறும், அவ்வளவுதான். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை ஏறக்குறைய பதினாறு, பதினேழில் ஒரு பங்கு இடத்துக்குள் பிஸ்டன் நெருக்குகிறது. வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்த நேரத்தில் நாசில் டீசலைத் தூறலாக அடித்தால் தானாகவே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக் காட்டிய இன்ஜினுக்கும் நம் கொட்டகை மாசிக்கும் அடிப்படை இதுதான்.

காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. இதுவும் நான் நடத்திய பாடம்தான். கட்டி இழுப்பதில் உள்ள ஆபத்து முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

எங்கள் கொட்டகையில் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இரண்டு தகரம் பறந்துபோனது. வேலைக்கு ஆள் கிடைக்காமல் தார்ப்பாய் கட்டினோம். தார்ப்பாய் கிழிந்தது. கிழிந்த இடத்துக்கு நேர் கீழே வானத்தைப் பார்த்துக்கொண்டு திறந்த வாயோடு சைலன்ஸர். அப்புறம் பெய்த மழையெல்லாம் அதன் வழியாக இறங்கியிருக்கிறது. வண்டி நின்றபோது எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்ததோ, தண்ணீர் அதற்குள் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த இன்ஜினில் ஒரு சிலிண்டர் முக்கால் லிட்டர் சொச்சம். அதில் பதினாறில் ஒரு பங்கு என்றால் ஐம்பது மில்லிக்குக் கிட்டத்தட்ட. அரை டீ கிளாஸ் தண்ணீர். அதற்கு மேல் உள்ளே இருந்தால் பிஸ்டன் மேலே வர இடமே கிடையாது. செல்ஃப் மோட்டாராக இருந்தால் ஒருவேளை திணறி நின்றுவிடும். முன்னால் இன்னொரு டிராக்டர் சங்கிலி போட்டு இழுத்தால் அது நிற்காது. ராடு வளையும், அல்லது அதைவிட மோசமாக ஏதாவது நடக்கும்.

உறவுகளே, நான் அடம் பிடித்தது இதற்காகத்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், அன்று சைலன்ஸர் விஷயம் என் மண்டையில் உதிக்கவில்லை. "ஏதோ சரியில்லை, அவசரப்படாதே" என்ற வாத்தியார் பயம்தான். விஷயத்தைச் சொன்னவன் என் பழைய மாணவன். திண்டிவனம் பக்கம் டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறான். வயது ஐம்பதைத் தொட்டாலும் எனக்கு "அவன்" என்றுதான் எழுத வருகிறது, கோபித்துக்கொள்ள மாட்டான். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டான். வந்தான், வண்டியை ஒருமுறை சுற்றினான், சைலன்ஸர் வாயைப் பார்த்தான், கிழிந்த தார்ப்பாயைப் பார்த்தான். "யாரும் கீயத் தொட்டீங்களா சார்?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அப்ப பொழச்சிது" என்றான்.

நான் டீசல் இன்ஜின் பாடத்தை ஆரம்பித்தேன். "சார், நீங்க கிளாஸ்ல சொன்னது ஓடற இன்ஜினுக்கு. இது நின்ன இன்ஜின்" என்றான். வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் ஆயில் சம்ப் போல்ட்டை மெதுவாகக் கழற்றினான். ஆயில் வரவில்லை, தண்ணீர் வந்தது. ஆயிலைவிடத் தண்ணீர் கனம், அடியில் தங்கியிருக்கும், முதலில் அதுதான் வெளியே வரும். இந்தப் பரீட்சைக்கு ஒரு ஸ்பேனர் போதும், காசு செலவில்லை. பிறகு மூன்று நாசிலையும் கழற்றினான். மூன்றாவது சிலிண்டரில் சலைன் டியூபை விட்டு சிரிஞ்சால் உறிஞ்சினால், துருக் கலங்கிய தண்ணீர். வாத்தியார் புத்தி, அளந்து பார்த்தேன். 120 மில்லி. தம்பி மகன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் பேசவில்லை. சங்கிலியைச் சுருட்டி எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தான்.

இன்ஜின் பிடித்திருந்தது, அதாவது அசையவே இல்லை. டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து மூன்று சிலிண்டரிலும் ஊற்றிவிட்டு, "நாலு நாள் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இந்த நாலு நாள்தான் எல்லோருக்கும் பொறுக்க முடியாதது. ஒரு வேலையும் நடக்காத மாதிரி இருக்கும். உண்மையில் அந்த எண்ணெய், பிஸ்டன் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே துருவுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஐந்தாம் நாள் வந்து முன்பக்க புல்லி நட்டில் நீளமான ராடு போட்டு, முன்னே ஒரு விரற்கடை, பின்னே ஒரு விரற்கடை. ஒரே பக்கமாகத் தம் கட்டித் திருப்பவில்லை. பால் குடிக்க மறுக்கும் கன்றுக்குட்டியை மடிக்குப் பழக்குவது போல அசைத்து அசைத்து, மத்தியானத்துக்குள் ஒரு முழுச் சுற்று சுற்ற வைத்தான். வால்வு கவரைத் திறந்து எந்த வால்வாவது மேலே வராமல் சிக்கியிருக்கிறதா என்றும் பார்த்தான். சிக்கிய வால்வோடு ஸ்டார்ட் செய்தால் புஷ் ராடு வளையும். ஒரு வால்வு சிக்கியிருந்தது. சுத்தியலால் லேசாகத் தட்டி எண்ணெய் விட்டு விடுவித்தான்.

டேங்கில் இருந்த பழைய டீசலைப் பற்றி எனக்கும் அவனுக்கும் ஒரு சண்டை. பத்துப் பன்னிரண்டு லிட்டர் இருந்தது. துணியில் வடிகட்டிப் பயன்படுத்தலாமே என்றேன். ஒரு பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினான். அடியில் தண்ணீர், அதற்கு மேலே பாசி மாதிரி ஒரு கொழகொழப்பு. டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் பூஞ்சையும் நுண்ணுயிரும் வளரும். அது ஃபில்டரை அடைக்கும். தண்ணீர் பம்புக்குள் போனால் துருப் பிடிக்கும். அந்தப் பம்புக்கு உள்ளே தேயும் பாகங்களுக்கு டீசல்தான் மசகு, தனியாக ஆயில் கிடையாது. பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒரு தலைமுடியைவிடப் பல மடங்கு குறைவு. என் துணி எதை வடிகட்டும்? டேங்கை இறக்கிக் கழுவி, இரண்டு ஃபில்டரும் மாற்றி, பம்பையும் நாசிலையும் பம்ப் கடைக்கு அனுப்பினான். மொத்தச் செலவில் பெரிய பங்கு அதற்குத்தான் போனது.

ஏர் கிளீனரில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. அடிக் கிண்ணத்து ஆயில் தார் மாதிரி இறுகிக் கிடந்தது. ஒயரை எல்லாம் கடித்து வைத்திருந்தது. டயர், ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட் எல்லாம் நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எட்டாம் நாள் வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளினோம். பூட்டிய இடத்தில் டீசல் இன்ஜினை ஓட விடக் கூடாது, புகை ஆளைச் சாய்க்கும். வெளியே நிறுத்திய இடம் லேசான சரிவு. பிரேக் பிடிக்கவில்லை. உருளாமல் இருக்க யாரோ முதல் கியரில் போட்டுவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் காலை மெக்கானிக் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எலி கடித்ததால் கீ ஸ்விட்ச் இன்னும் வேலை செய்யவில்லை. தம்பி மகன், "சும்மா சுத்திப் பாக்கறேன்" என்று ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் நின்றபடி, செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனையையும் சேர்த்துத் தொடப் போனான். ஊரில் எல்லோரும் செய்வதுதான். மெக்கானிக் இட்லித் தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து அவன் கையைப் பிடித்து இழுத்தான். கியரைக் காட்டினான். அந்த நிலையில் செல்ஃப் சுற்றினாலே வண்டி முன்னால் தாவும். இன்ஜினும் பற்றிக்கொண்டால் நிறுத்த மேலே ஆள் கிடையாது. நின்றுகொண்டிருப்பவன் மேல் பின்சக்கரம் ஏறித்தான் போகும். உலகம் முழுவதும் டிராக்டர் விபத்துகளில் இப்படிச் செத்தவர்கள் உண்டு.

கியரில் போட்ட அந்த "யாரோ" நான்தான்.

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். மற்றதெல்லாம் இரும்பு. உங்கள் வீட்டில், உங்கள் மாமனார் வீட்டில், யார் வீட்டிலானாலும் சரி, தரையில் நின்றுகொண்டு ஸ்குரூ டிரைவர் வைத்து டிராக்டரை ஸ்டார்ட் செய்பவரைப் பார்த்தால் சண்டை போட்டாவது நிறுத்துங்கள். சீட்டில் உட்கார்ந்து, நியூட்ரலைக் கையால் அசைத்துப் பார்த்து, கிளட்சை மிதித்து, அப்புறம்தான் கீ. கீ ஸ்விட்ச் கெட்டிருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

இன்னும் இரண்டு உள்ளூர் வைத்தியம் உண்டு. ஏர் கிளீனர் வாயில் பெட்ரோல் துணி வைப்பது ஒன்று. ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பது இன்னொன்று. பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே அது வெடித்துவிடும். துருவில் இருந்து இப்போதுதான் விடுபட்ட ரிங் அதைத் தாங்குமா? அதேபோல, டீசல் லைன் எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்ப்பது. சைக்கிள் டயரில் மூன்று நான்கு கிலோ காற்று இருக்கும். நாசிலுக்குப் போகும் டீசலின் அழுத்தம் 150 கிலோவுக்கு மேல். ஊசி மாதிரி தோலுக்குள் இறங்கும். சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலே போய்விடக்கூடும். அட்டையை வைத்துப் பாருங்கள், விரலை வைக்காதீர்கள்.

அன்று சாயங்காலம் ஸ்டார்ட் செய்தோம். முதலில் ஸ்டாப் நாபை வெளியே இழுத்துவைத்து, டீசல் போகாமல், பத்துப் பத்து நொடியாக செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் முள் அசைந்த பிறகுதான் மேற்கொண்டு போனான். ஆறு வருடம் காய்ந்த பேரிங்குக்கு முதல் சொட்டு எண்ணெய் இன்ஜின் ஓடுவதற்கு முன்பே போக வேண்டுமாம். பிறகு ஏர் லாக் எடுத்தான். ஃபில்டர் ஸ்குரூ, பம்ப் ஸ்குரூ, கடைசியில் நாசில் நட்டு, ஒவ்வொன்றாக, நுரை நின்று சுத்தமான டீசல் வரும் வரை. என் கையில் ஒரு பலகையைக் கொடுத்து ஏர் கிளீனர் பக்கத்தில் நிற்கச் சொன்னான். பம்ப் சிக்கி வண்டி ரேஸ் ஆகி, ஸ்டாப் நாபுக்கும் அடங்காமல் போனால் காற்று வழியைப் பலகையால் அடைக்க வேண்டும். கையால் அடைக்கக் கூடாது, இழுத்துவிடும். முப்பத்தைந்து வருடம் சாக்பீஸ் பிடித்த கைக்கு நல்ல உத்தியோகம்.

பலகைக்கு வேலை வரவில்லை. இரண்டாவது தடவையில் ஒரு சிலிண்டர் பிடித்தது, பிறகு இன்னொன்று. வெள்ளைப் புகை கொட்டகை உயரத்துக்குப் போனது. மூன்றாவது சிலிண்டர் நொண்டி நொண்டி, இரண்டு மூன்று நிமிடம் கழித்துத்தான் மற்ற இரண்டோடு சேர்ந்தது. தம்பி மனைவி சமையலறையிலிருந்து வெளியே வந்து நின்றாள். "அவர் இருந்தா இவ்ளோ பொகை விட உடமாட்டார் மாமா" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

செலவு 34 ஆயிரம், பேட்டரி சேர்த்து. அதைப் பற்றித்தான் குழுவில் நிறையப் பேர் கேட்டீர்கள். 55 ஆயிரத்துக்கு எடைக்குப் போக வேண்டிய வண்டிக்கு 34 ஆயிரம் செலவழிப்பது புத்திசாலித்தனமா? எல்லா வண்டிக்கும் இல்லை. பிளாக்கே வெடித்திருந்தாலோ, ஐந்தாம் நாளும் அசையாமல் இருந்திருந்தாலோ நானே காயலான் கடைக்காரருக்குப் போன் போட்டிருப்பேன். ஆயில் போல்ட்டைக் கழற்றிப் பார்க்கவும், நாசில் ஓட்டையில் எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் காத்திருக்கவும் ஆயிரம் ரூபாய்கூட ஆகாது. அதைச் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்கிறேன். பார்க்காமலே எடைக்குப் போடுவதும், பார்க்காமலே கட்டி இழுப்பதும் எனக்கு ஒன்றுதான்.

தம்பி மகனுக்கு மூன்று நாள் லீவு ஒன்பது நாளாகி, சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். அந்த நஷ்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்த்தேன், என் பங்காகக் கொடுத்தேன். 2019இல் நான் சொன்ன வார்த்தைக்கு அது வட்டி.

அந்தப் பக்கத்து ஊர் விவசாயி போன வாரம் வந்து ஓட்டிப் பார்த்தார். கொஞ்சம் பேரம் நடந்தது. 1,65,000க்கு முடிந்தது. ஆர்.சி. புத்தகம் இன்னும் தம்பி பெயரில் இருப்பதால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலை பாக்கி இருக்கிறது. பெண்ணுக்கு முதல் வருடக் கட்டணம் கட்டியாகிவிட்டது. வண்டி எங்கள் தெருவழியாகத் தன் இன்ஜினிலேயே ஓடிப் போனது. அதற்கு முன்பே பிரேக்கையும் சரி செய்திருந்தோம்.

வாங்கியவரிடம் ஒரு பால் பவுடர் டப்பாவைக் கொடுத்தேன். நிறுத்தும்போதெல்லாம் சைலன்ஸர் வாயில் கவிழ்த்துவிடச் சொல்லி. ஐப்பசி மழை வருகிறது. உங்கள் கொட்டகையிலும் வண்டி நின்றால் இன்றைக்கே போய் ஒரு டப்பாவைக் கவிழ்த்துவிட்டு வாருங்கள். ஸ்டார்ட் செய்யும்போது எடுத்துவிட மறக்க வேண்டாம்.